சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளுக்கு ஃபிக்ஸியில் எத்தனை பல்? 48/16இல் திணறுகிறேன்

பனிமூட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பேன்ஹேண்டில் பூங்கா பக்கத்தில் வீடு, மான்ட்கோமரி தெருப் பக்கம் வேலை. போன மாதம் கைமாறி வந்த ஒரு ஃபிக்ஸி வாங்கினேன், அதாவது ஒரே கியர், வீல் சுற்றும்வரை பெடலும் சுற்றியே ஆகும் சைக்கிள். முன்னால் 48 பல், பின்னால் 16, பெடல் தண்டு (கிராங்க்) 165 மிமீ. விற்றவர் ஊரில் எல்லோரும் இதைத்தான் ஓட்டுகிறார்கள் என்றார், நானும் நம்பி வாங்கிவிட்டேன்.

காலையில் வேலைக்குப் போவது சுகமாக இருக்கிறது, பெரும்பாலும் இறக்கம். சாயங்காலம் திரும்புவதுதான் பிரச்சினை. மார்க்கெட் தெருவிலிருந்து நேராக ஹேட் தெருவில் ஏறுகிறேன். லகூனா தெரு தாண்டியதும் மேடு கிளம்பும் இடத்தில் வேகம் செத்துப்போகிறது, பெடல் உச்சிக்கு வந்து அப்படியே நின்றுவிடுகிறது, ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் முன் வீல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைபாய்கிறது. சாதாரண சைக்கிள் என்றால் காலைக் கீழே ஊன்றிக்கொள்ளலாம். இதில் பாதம் வாருக்குள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது சாய்ந்து விழப் பார்த்தேன், நடைபாதைக் கம்பத்தைப் பிடித்துத் தப்பித்தேன். இரண்டு வாரமாக வலது முட்டிக்கு முன்பக்கம் ஒரு வலி வேறு.

என் எடை 70 கிலோ, சைக்கிளும் பையும் சேர்ந்து 10 கிலோ இருக்கும். கியரை எவ்வளவு குறைக்க வேண்டும்? ரொம்பக் குறைத்தால் சமதரையில் காலைச் சுற்றியே செத்துவிடுவோமோ என்று பயமாகவும் இருக்கிறது. செயின்ரிங் (முன் பல்சக்கரம்), காக் (பின் பல்சக்கரம்) இரண்டையும் மாற்ற வேண்டுமா? இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியாது, பின் டயர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து உள்ளே நூல் தெரிகிறது. டயர் குறையா?

பல்சக்கரம்:

தம்பி, முதலில் டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கியரின் கோளாறு அங்கேயே எழுதியிருக்கிறது. 48ஐ 16ஆல் வகுத்தால் சரியாக 3. பெடல் ஒரு சுற்று வந்தால் பின் வீல் மூன்று சுற்று முழுசாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் காலை மடக்கி வீலை வழுக்கி நிறுத்தும்போது எப்போதும் ஒரே கால்தான் முன்னால் இருக்கும், அது பழக்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இரண்டு அங்குலம்தான் தரையில் தேய்கிறது. டயர்மேல் குறையில்லை. பின்னத்தைச் சுருக்கிப் பாருங்கள், கீழே என்ன எண் மிஞ்சுகிறதோ அத்தனை இடத்தில் தேய்மானம் பரவும். 48/16 என்றால் 3/1, ஒரே இடம். 48/18 என்றால் 8/3, மூன்று இடம். 48/17, 48/19 இரண்டும் சுருங்காது, 17 இடம், 19 இடம். பின்னால் 17, 19 மாதிரிப் பகா எண் இருந்தால் டயர் பல மாதம் கூட உழைக்கும்.

இப்போது ஏற்றம். கியர் இஞ்ச் என்று எல்லோரும் சொல்வது முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து 27ஆல் பெருக்கினால் வருவது. உங்களுடையது 81. மேடு உள்ள ஊரில் தினமும் வேலைக்குப் போக வர இது பெரிய கியர், உங்கள் கால்மேல் தப்பே இல்லை. ஏன் பெடல் உச்சியில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஒரு தடவை புரிந்துவிட்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நீங்களும் சைக்கிளும் 80 கிலோ. 10 சதவீத மேட்டில் உங்களைக் கீழே இழுக்கும் எடை அதில் பத்தில் ஒரு பங்கு, 8 கிலோ. டயரின் சுற்றளவு சுமார் 2.11 மீட்டர். 48/16இல் ஒரு பெடல் சுற்றுக்கு 6.33 மீட்டர் போகிறீர்கள். 165 கிராங்கில் உங்கள் பாதம் அதே நேரத்தில் 1.04 மீட்டர்தான் நகர்கிறது. அதாவது பாதத்தைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக சைக்கிள் நகர்கிறது, அப்படியானால் பாதம் தர வேண்டிய அழுத்தமும் 8 கிலோவைப் போல ஆறு மடங்கு, சராசரியாக 49 கிலோ. ஆனால் கால் சுற்று முழுக்க ஒரே அளவில் மிதிப்பதில்லை. உச்சியிலும் அடியிலும் ஒன்றுமில்லை, நடுவில்தான் முழு மிதி. சராசரி 49 வர வேண்டுமானால் நடுவில் அதுபோல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 77 கிலோ மிதிக்க வேண்டும்.

உங்கள் எடை 70. எழுந்து நின்று மொத்த உடம்பையும் ஒரே பெடலில் ஏற்றினாலும் 7 கிலோ போதவில்லை. அந்த ஏழுக்காகத்தான் ஹேண்டில்பாரை இழுக்கிறீர்கள், இழுப்பதால்தான் முன் வீல் அலைகிறது. வேகம் இருக்கும்வரை ஃபிக்ஸியின் வீலே பெடலை உச்சி தாண்டித் தள்ளிக் கொடுக்கும், அது இந்த வண்டியின் பெரிய வரம். வேகம் போனதும் அந்த உதவி போய்விடும், பெடல் நிற்கும்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நீங்கள் தினமும் ஏறும் மேட்டில் உச்ச மிதி உங்கள் எடைக்குள் இருக்க வேண்டும். 48/19 போட்டால் உச்ச மிதி 65 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். கியர் இஞ்ச் 68. செயின்ரிங்கைத் தொட வேண்டாம், பின்னால் ஒரு 19 பல் காக் மட்டும் வாங்குங்கள், செலவு குறைவு.

ஒன்று கவனம். பல் ஒன்று கூடினால் அச்சு சுமார் 3 மிமீ முன்னால் நகரும். 16இலிருந்து 19 என்றால் 9, 10 மிமீ. இப்போது அச்சு டிராப்அவுட்டில், அதாவது அது உட்காரும் ஃபிரேம் பிளவில், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் நகர இடம் இல்லையென்றால் செயினில் ஒரு முழு இணைப்பு சேர்க்க வேண்டும், அது அச்சை 12, 13 மிமீ பின்னால் தள்ளும்.

ஒற்றை_கியர்:

பல்சக்கரம் அண்ணா கணக்கு சரி, ஆனால் 68 ரொம்பக் கம்மி என்பது என் கருத்து. நான் ஐந்து வருடமாக இதே ஊரில் 48/17 ஓட்டுகிறேன், 76 இஞ்ச். மேட்டின் அடியிலிருந்து வேகத்தோடு உள்ளே போக வேண்டும், அங்கேதான் ஏற்றம் பாதி முடிகிறது. வேகம் குறையும் வரை உட்கார்ந்து மிதித்துவிட்டு அப்புறம் எழுந்திருக்கக் கூடாது, வேகம் இருக்கும்போதே எழுந்து நிற்க வேண்டும். இது பழகாமல் கியரை மட்டும் குறைத்தால் அடுத்த மேட்டில் இன்னும் குறைக்கத் தோன்றும். சமதரையில் 68 இஞ்சில் 35 கிமீ வேகத்தில் போகிறவரோடு ஓடிப் பாருங்கள், கால் தையல் மிஷின் மாதிரி அடிக்கும்.

காலை_ஆறுமணி:

தம்பி, நீங்கள் கியரைக் கேட்டிருக்கிறீர்கள், நான் வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹேட்டில் நேராக ஏன் ஏறுகிறீர்கள்? மார்க்கெட்டிலிருந்து டுபோஸ் திரும்பி, ஸ்டைனர், வாலர், பியர்ஸ், ஹேட்டில் ஒரு சின்னத் துண்டு, ஸ்காட் என்று வளைந்து வளைந்து பேன்ஹேண்டிலுக்குப் போகும் வழிக்கு விகிள் என்று பெயர். சுமார் ஒரு மைல், சராசரி ஏற்றம் 3 சதவீதம், எங்கும் 6ஐத் தாண்டாது. சான் சூசி என்ற பழைய ஓடை ஓடிய பள்ளத்தாக்கு அது. தண்ணீர் எந்த வழியில் இறங்கியதோ அந்த வழியில் நாம் ஏறுகிறோம், அதனால்தான் அவ்வளவு இதம். தரையில் பச்சை வண்ணமும் சைக்கிள் அடையாளமும் போட்டிருப்பார்கள், தவறவிட முடியாது. பல்சக்கரம் சொன்ன கணக்கையே 6 சதவீதத்துக்குப் போட்டால் உங்கள் 48/16இலேயே உச்ச மிதி 46 கிலோதான் வருகிறது. நாளை சாயங்காலமே இந்த வழியில் போய்ப் பாருங்கள், ஒரு ரூபாய் செலவில்லை.

டுபோஸில் சர்ச் தெரு பக்கம் ட்ராம் தண்டவாளம் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். பனி இறங்கிய இரவுகளில் அந்த இரும்பு சோப்பு மாதிரி வழுக்கும். நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். ஃபிக்ஸியில் பெடலை நிறுத்த முடியாது என்பதால் சாய்ந்துகொண்டே திரும்பினால் உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கும். 165 கிராங்க் அந்த வகையில் உங்களுக்கு நல்லது, நீளமாக மாற்றாதீர்கள்.

இதைச் சொன்னதும் கியரை மாற்ற வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றுங்கள். ஆனால் எத்தனை பல் என்பதை ஏற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஏற்றத்தில் கியர் தப்பாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், மானம் ஒன்றும் போய்விடாது. ஃபில்பர்ட் தெருவில் ஹைட், லெவன்வொர்த் நடுவே 31.5 சதவீதம், 22ஆம் தெருவில் சர்ச், விக்ஸ்பர்க் நடுவிலும் அதே 31.5. அங்கெல்லாம் கியர் உள்ள சைக்கிள்காரர்களே பலர் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். இறக்கத்தில் கியர் தப்பாக இருந்தால் இறங்க முடியாது. சைக்கிள் எவ்வளவு வேகம் போகிறதோ அவ்வளவு வேகம் உங்கள் கால் சுற்றியே ஆக வேண்டும்.

48/19இல் 30 கிமீ வேகம் என்றால் நிமிடத்துக்கு 94 சுற்று. 40 என்றால் 125. 50 தொட்டால் 156, அங்கே புதியவர்களின் இடுப்பு சீட்டில் குதிக்க ஆரம்பிக்கும், பெடல் பாதத்தை வாரிவிடும். உங்கள் 48/16இல் 40க்கு 105 சுற்றுதான். அதனால் கியர் குறைக்கும் அன்றே முன் பிரேக் இருக்கிறதா, கேபிள் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் குறைந்தால் காலால் பின்னோக்கி அழுத்தி நிறுத்துவது சுலபமாகும், அது உண்மை, அதே நெம்புகோல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆனால் இறக்கத்தில் எடையில் பெரும்பகுதி முன் வீலுக்குப் போய்விடும், பின் வீல் லேசாகி வெறுமனே வழுக்கும். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 21201ஆம் பிரிவும், உலர்ந்த சமமான சுத்தமான சாலையில் ஒரு வீலையாவது வழுக்கவைக்கும் பிரேக் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வண்டியில் முன் பிரேக் இருக்கிறதா இல்லையா? கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை, எனக்கு அதுதான் கவலை.

பல்சக்கரம்:

ஒற்றை_கியர், வேகத்தோடு உள்ளே போவது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இந்த ஊரில் மேட்டின் அடியில் பாதி இடத்தில் ஸ்டாப் பலகை இருக்கிறது அல்லது சிக்னல் இருக்கிறது. நின்று கிளம்பும்போது வேகத்துக்கு எங்கே போவது? நீங்கள் ஐந்து வருடம் ஓட்டியவர், தம்பி ஒரு மாதம், அதிலும் முட்டி வலிக்கிறது என்கிறார்.

சமதரை பற்றி ஒரு உதாரணம். வலென்சியா தெருவில் சிக்னல்களை மணிக்கு 13 மைல் வேகத்துக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறார்கள், அந்த வேகத்தில் போனால் பச்சை தொடர்ந்து கிடைக்கும். 13 மைல் என்பது 21 கிமீ. 48/19இல் அதற்கு நிமிடத்துக்கு 66 சுற்று, நிதானமான மிதி. 48/16இல் 55 சுற்று, அதுவும் ஒவ்வொரு சிவப்பிலும் நின்று 81 இஞ்சைக் கிளப்ப வேண்டும். ஊருக்குள் 35 கிமீ வேகம் எத்தனை நிமிடம் போகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் பெரிய கியருக்கு வேலையே இல்லை.

மூன்றாம்_வேகம்:

பின் வீலின் ஹப்பில் (நடு உருளையில்) இரண்டு பக்கமும் மரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பக்கம் 17, மறுபக்கம் 19 போட்டுவிடலாம், வித்தியாசம் 6 மிமீதான், பெரும்பாலும் செயின் நீளம் மாற்றாமலே நடக்கும். டூர் டி ஃபிரான்ஸில் 1937இல்தான் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லருக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மலை அடிவாரத்தில் இறங்கி, பின் வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஏறினார்கள். வார நாளுக்கு ஒரு பக்கம், ஞாயிறு வெளியே போக ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், தினமும் நடுத்தெருவில் திருப்பும் வேலை அல்ல.

ஸ்டர்மி ஆர்ச்சர் எஸ்3எக்ஸ் என்று ஃபிக்ஸியாகவே மூன்று கியர் தரும் ஹப் உண்டு. மேல் கியர் நேரடி, அடுத்தது அதில் 75 சதவீதம், கீழே 62.5. மேட்டுக்கு அருமை. ஆனால் பெடலை முன்னும் பின்னும் மாற்றி அழுத்தும்போது உள்ளே கொஞ்சம் ஆட்டம் தெரியும். சாலையைக் காலிலேயே உணர்வதற்காக ஃபிக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு அது உறுத்தும், எனக்கு உறுத்தியது, விற்றுவிட்டேன்.

பனிமூட்டம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா, முன் பிரேக் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்டபிறகு போய்ப் பார்த்தால் கட்டை தேய்ந்து வரிக்கோடே தெரியவில்லை. புதுக் கட்டை போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது, நடந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் கியர் மாற்றாமல் விகிள் வழியில் மட்டும் போனேன். ஏற முடிந்தது, விழவில்லை, முட்டி வலி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாம் வாரம் 19 பல் காக் வாங்கி நானே மாற்றினேன். என் வண்டியில் அச்சு டிராப்அவுட்டின் பின் கோடியில் இருந்ததால் முன்னால் 10 மிமீ நகர இடம் இருந்தது, செயினைத் தொடவில்லை.

ஓட்டிய முதல் நாள் விசித்திரமாக இருந்தது, மார்க்கெட் தெருவில் கால் சும்மா சுற்றுவதுபோல் தோன்றியது, தப்பு செய்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த எண்ணம் போய்விட்டது. ஸ்காட் தெருவில் ஸ்டாப்பில் முழுசாக நின்று, உட்கார்ந்தபடியே கிளம்பினேன், எழுந்திருக்கக்கூட இல்லை. நேற்று வேண்டுமென்றே பழைய ஹேட் தெரு மேட்டில் போனேன். அதே இடத்தில் பெடல் மெதுவானது, உச்சிக்கு வந்தது, நிற்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்தேன், தாண்டிப் போய்விட்டது. ஹேண்டில்பாரை இழுக்கவே இல்லை, விரல் லேசாகத்தான் பிடித்திருந்தது. அண்ணா சொன்ன 65 கிலோ, 70 கிலோ கணக்கு அந்த ஒரு மிதியில் அப்படியே புரிந்தது.

முட்டி வலி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. சீட் கொஞ்சம் தாழ்வாக இருந்தது, அதையும் 8 மிமீ உயர்த்தினேன்.

அடுத்த மாதம் கோல்டன் கேட் பாலம் தாண்டி ஹாக் ஹில் மலைக்குப் போக ஆசை. 48/19இல் முடியுமா?

காலை_ஆறுமணி:

முடியும். மேலே போகும் கான்செல்மன் சாலையில் ஏற்றம் பெரும்பாலும் 6 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், உயரம் 900 அடிக்கு மேல். நீங்கள் நிமிடத்துக்கு 45 சுற்று, மணிக்கு 14 கிமீ என்று பிடித்துக்கொண்டால் போதும், நிற்காமல் ஏறிவிடலாம். பாலத்தின்மேல் பக்கக் காற்று வாங்கும், அதற்கு முன்பே களைத்துவிடாதீர்கள்.

உச்சியிலிருந்து மேற்கே கடலைப் பார்த்துப் போகும் ஒருவழிச் சாலை ரொம்ப அழகு, பார்த்ததும் இறங்கத் தோன்றும். ஃபிக்ஸியில் வேண்டாம் தம்பி, அது மிகச் செங்குத்து, வளைவும் இருக்கிறது. ஏறிய வழியிலேயே திரும்புங்கள், முன் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி 30 கிமீக்குள் வைத்துக்கொண்டு. கால் நீங்கள் நினைக்கும் வேகத்துக்கு மேல் போகும் முன்பே பிரேக்கைத் தொடுங்கள், போனபிறகு அல்ல. முட்டி முழுசாகச் சரியாகும்வரை போகவேண்டாம், மலை அங்கேயேதான் இருக்கும். வலி நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒற்றை_கியர்:

ஹாக் ஹில்லுக்கு நானும் வருகிறேன், சேர்ந்து போவோம். போன ஞாயிறு பல்சக்கரம் அண்ணாவின் கணக்கை என் 48/17க்குப் போட்டுப் பார்த்தேன். நான் 82 கிலோ, அதனால்தான் எனக்கு அந்தக் கியர் ஒத்துப்போகிறது, நின்று மிதித்தாலே உடம்பு எடை வேலையைச் செய்துவிடுகிறது. 60 கிலோ இருக்கும் என் தங்கைக்கும் அதையே சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்திருந்தேன், அவள் மேட்டில் ஓட்டுவதே இல்லை என்று இப்போதுதான் யோசித்தேன். அவளுக்கு 20 பல் காக் சொல்லியிருக்கிறேன்.

பல்சக்கரம்:

தங்கைக்கு 20 சரியாக இருக்கும். 48/20 சுருங்கினால் 12/5, ஐந்து இடத்தில் டயர் தேயும், பரவாயில்லை.

பனிமூட்டம் தம்பி, காக் நீங்களே மாற்றினேன் என்றீர்கள், ஒரு கேள்வி. லாக்ரிங் (காக் கழலாமல் பிடிக்கும் வளையம்) இடது மரை, காக் வலது மரை, அது தெரிந்து சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். மரையில் கிரீஸ் தடவினீர்களா? முன்னோக்கி மிதிக்க மிதிக்கக் காக் இன்னும் உள்ளே இறுகும். முதல் நாள் ஒரு மேடு ஏறி வந்தபிறகு லாக்ரிங்குக்கும் காக்குக்கும் நடுவே முடி அளவு இடைவெளி விழுந்திருக்கும். அந்த நிலையில் இறக்கத்தில் காலை மடக்கி அழுத்தினால் காக் பின்னோக்கி அவிழ்ந்து லாக்ரிங்கை இடிக்கும், நாலைந்து தடவை அப்படி ஆனால் ஹப்பின் மரையே உரிந்துவிடும், அப்புறம் ஹப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஹேட் மேடு ஏறியதற்கு அப்புறம் லாக்ரிங்கை மறுபடி இறுக்கினீர்களா?

பனிமூட்டம்:

கிரீஸ் தடவினேன் அண்ணா. மறுபடி இறுக்கவில்லை. இப்போது கீழே போய்க் கொக்கி ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், கால் சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாகத் திரும்பியது. இறுக்கிவிட்டேன்.